வீங்கிய கணுக்காலும் நான் நிறுத்திய குளிசையும்

எங்கள் ஒழுங்கையில் பதினொரு வீடுகள் உள்ளன. அவற்றில் ஏழு வீடுகளில் பிரஷர் குளிசை போடும் பெண்கள் இருக்கிறோம். மாதத்தில் ஒரு நாள் கிளினிக் கொப்பியைப் பொலித்தீன் பையில் சுற்றிக்கொண்டு வெள்ளெனப் பஸ் ஏறுகிறோம். மத்தியானம் குளிசைப் பைகளுடன் திரும்பி வருகிறோம். அந்தக் குளிசை உடம்புக்குள் போய் என்ன செய்கிறது என்று கேட்டால் எங்கள் ஏழு பேரில் ஒருவருக்கும் சொல்லத் தெரியாது. எனக்கும் தெரியாமல்தான் இருந்தது. தெரியாததால் நான் செய்த பிழையை இங்கே எழுதுகிறேன். இதை வாசிக்கும் சகோதரிகளில் யாராவது அதே பிழையை இப்போது செய்துகொண்டிருக்கலாம்.

எனக்குப் பிரஷர் இருப்பது 2019 இல்தான் தெரிய வந்தது. தையல் வேலைக்குக் கண்ணாடி எடுக்கப் போன இடத்தில் கையில் பட்டியைச் சுற்றி அளந்து பார்த்தார்கள். 170/100 என்றார்கள். “எனக்கு ஒரு வருத்தமும் இல்லையே டொக்டர், தலையிடி கூட இல்லை” என்றேன். “அதுதானம்மா இந்த வருத்தத்தின்ர சூது” என்றார் அவர். கிளினிக்கில் பதிந்து நிபெடிப்பின் என்ற குளிசையைக் காலையும் மாலையும் போடச் சொன்னார்கள். நானும் போட்டேன். பிரஷர் குறைந்தது. நான்கு வருடம் ஒரு பிரச்சினையும் இல்லை.

2023 ஆம் ஆண்டு பங்குனி வெயிலில்தான் அதைக் கவனித்தேன். பகல் முழுக்கத் தையல் மெசின் மிதித்துவிட்டுப் பின்னேரம் எழும்பினால் இரண்டு கணுக்காலும் வீங்கிப் பளபளவென்று இருக்கும். விரலால் அமத்தினால் குழி விழும். காலையில் எழும்பும்போது வீக்கம் வற்றியிருக்கும், பின்னேரம் திரும்ப வரும். பக்கத்து வீட்டுத் தங்கச்சி பார்த்துவிட்டு, “அக்கா, உது கிட்னி பழுதாகிற குணம். இங்கிலீசு மருந்து நெடுகப் போட்டால் அப்பிடித்தான். நிப்பாட்டிப் பாருங்கோ” என்றாள்.

சிறுநீரகம் என்ற சொல்லைக் கேட்டாலே எங்கள் பக்கத்தில் நெஞ்சு பதைக்கும். வவுனியாப் பக்கத்து விவசாயக் குடும்பங்களில் எத்தனையோ பேர் சிறுநீரக நோயால் வாடுவதைக் கண்டிருக்கிறோம். நான் பயந்துவிட்டேன். ஒருவரிடமும் கேட்காமல் குளிசையை நிறுத்தினேன். ஒரு கிழமைக்குள் வீக்கம் போய்விட்டது. தங்கச்சி சொன்னது சரியென்றுதான் எனக்குப் பட்டது.

அதற்குப் பிறகு நான் செய்ததை எழுத வெட்கமாக இருக்கிறது. கிளினிக்குக்குப் போவதை நான் விடவில்லை. மாதாமாதம் போய்க் குளிசை வாங்கி வந்து பிஸ்கட் பேணிக்குள் போட்டு வைத்தேன். டொக்டர் பேசுவாரோ என்ற பயம். அளக்கும்போது பிரஷர் கூடியிருந்தது. நான் குளிசை போடுகிறேன் என்று நம்பிய டொக்டர், அது போதவில்லை என்று நினைத்து இன்னொரு குளிசையையும் சேர்த்து எழுதினார். அதுவும் பேணிக்குள் போனது. இப்படி நான்கு மாதம்.

ஆவணி மாதம் ஒரு விடியற்காலை கிணற்றடியில் நிற்கும்போது வாளிக் கயிறு என் வலது கையை விட்டு வழுகிப் போனது. கை என்னுடையது போல இல்லை. மருமகளைக் கூப்பிட வாய் திறந்தேன், சொல் வரவில்லை. அவள் ஓடிவந்து என் முகத்தைப் பார்த்துவிட்டுக் குழறினாள். வாய் ஒரு பக்கம் கோணியிருந்ததாம். அரை மணித்தியாலத்துக்குள் எல்லாம் பழையபடி வந்துவிட்டது. “ஒண்டுமில்லை பிள்ளை, பசிக்களை” என்று சொல்லிப் பார்த்தேன். நல்ல காலம், அவள் கேட்கவில்லை. 1990 இலக்கத்துக்கு அழைத்தாள். பணம் வாங்காமல் வரும் சுவசெரிய அம்புலன்ஸ் வந்து ஏற்றிச் சென்றது. ஆஸ்பத்திரியில் அளந்தபோது 210/120. பாரிசவாதம் வருவதற்கு முன் வந்த எச்சரிக்கை இது என்றார்கள். இப்படி வந்துபோனவர்களுக்கு அடுத்த சில நாட்களுக்குள்ளேயே முழுப் பாரிசவாதம் வரும் ஆபத்துக் கூட என்பதால் வாட்டில் வைத்துக்கொண்டார்கள்.

இந்தக் கையால்தான் நான் உழைக்கிறேன். என் வீட்டில் வேறு உழைப்பு இல்லை.

பெறாமகள் விளங்கப்படுத்தியது

என் தங்கையின் மகள் யாழ்ப்பாணத்தில் தாதியியல் படித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்க்க வந்தவள் வீட்டுக்குப் போய் மாற்று உடுப்பு எடுத்தபோது பிஸ்கட் பேணியையும் கண்டுவிட்டாள். கட்டில் ஓரத்தில் இருந்துகொண்டு, “பெரியம்மா, நான் ஏச மாட்டன். ஏன் நிப்பாட்டினீங்கள் எண்டு மட்டும் சொல்லுங்கோ” என்றாள். வீங்கிய காலைப் பற்றிச் சொன்னேன். “இதை ஏன் கிளினிக்கில சொல்லேல்லை?” என்றாள். அங்கே நூறு பேருக்கு மேல் நிற்கிறார்கள், காலைக் காட்டிக் கதைக்க எங்கே நேரம் என்றேன். அவள் கொப்பியைக் கிழித்துப் படம் கீறத் தொடங்கினாள்.

தோட்டத்துக்கு இறைக்கும்போது மெசின் ஒரே வேகத்தில் ஓடிக்கொண்டிருக்க, குழாயின் வாயை விரலால் அமத்திப் பிடித்தால் உள்ளே அழுத்தம் கூடுகிறது. குழாய் விம்முகிறது, பொருத்து இருக்கும் இடம் பிய்கிறது. இதயம் மெசின், நாடிகள் குழாய். இவ்வளவும் எனக்கு முன்பே தெரிந்ததுதான். தெரியாதது அடுத்தது. நாடி இறப்பர்க் குழாய் அல்ல. அது உயிருள்ள குழாய். அதன் சுவரில் தசை வளையம் வளையமாகச் சுற்றியிருக்கிறது. கையையும் காலையும் போல நாங்கள் நினைத்து அசைக்கக்கூடிய தசை அல்ல அது. பாடப் புத்தகத்தில் மழமழப்பான தசை என்பார்கள். அது இறுகினால் நாடி ஒடுங்கும், இளகினால் விரியும். பிரஷரைப் பெரும்பாலும் தீர்மானிப்பது பெரிய நாடிகள் அல்ல, அவை கிளைவிட்டுக் கிளைவிட்டு மயிர் போல மெலிந்து போகும் இடத்தில் உள்ள சிறு நாடிகளே.

அந்தச் சுவரின் உட்பக்கத்தில் ஒரே ஒரு கலத் தடிப்பில் ஒரு மெல்லிய படை இருக்கிறது. நெடுங்காலமாக இதை வெறும் உறை என்றே நினைத்திருந்தார்கள். 1980 இல் ரொபேட் பேர்ச்கொட் என்ற அமெரிக்க விஞ்ஞானி முயலின் நாடித் துண்டை வைத்துச் சோதித்தபோது, உட்படை இருந்தால் நாடி இளகுவதையும், அதைத் தேய்த்து எடுத்துவிட்டால் அதே மருந்துக்கு இளக மறுப்பதையும் கண்டார். உட்படைதான் “இளகு” என்று தசைக்குச் செய்தி அனுப்புகிறது. அந்தச் செய்தியைக் கொண்டு போவது நைத்திரிக் ஒட்சைட்டு என்ற வாயு என்பது பின்னர் தெரிந்தது. இதற்காக அவருக்கும் வேறு இருவருக்கும் 1998 இல் நோபல் பரிசு கிடைத்தது.

பிரஷர் வருடக்கணக்காகக் கூடியிருந்தால் இந்த உட்படை நோகிறது, அது அனுப்பும் செய்தி குறைகிறது. மண்வெட்டி பிடித்த கை காய்ச்சுப் போவது போல நாடிச் சுவரும் தடிக்கிறது. சுவர் தடித்தால் உள்வழி ஒடுங்கும். வழி ஒடுங்கினால் பிரஷர் இன்னும் கூடும். கூடினால் இன்னும் தடிக்கும். மூளையிலும் கண்ணிலும் சிறுநீரகத்திலும் உள்ள மிக மெல்லிய நாடிகள்தான் இதில் முதலில் அடிபடுகின்றன.

நான் ஒரு கேள்வி கேட்டேன். எங்களில் பலருடைய மனதில் இருக்கும் கேள்வி என்பதால் அதை எழுதுகிறேன். “பிள்ளை, எனக்கு இது யோசினையால வந்த பிரஷர். அண்ணா வந்தா இது தானாப் போயிடும்.” என் மூத்தவன் 2009 வைகாசியில் இருந்து இல்லை. அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “யோசினையும் பயமும் நாடியை இறுக்கும், அது உண்மை பெரியம்மா. ஒரு சத்தம் கேட்டால் உடம்பில ஓமோன் சுரந்து அந்த நிமிசமே நாடி ஒடுங்கும். யோசினை தணிஞ்சால் அந்த இறுக்கம் தணியும். ஆனால் தடிச்ச சுவர் அப்பிடியேதான் இருக்கும். அண்ணா வரேக்க நீங்கள் இருக்க வேணும், அவனோட கதைக்கவும் வேணும்” என்றாள். பாரிசவாதம் பேச்சைக் கொண்டு போய்விடும் என்பதை நான் கிணற்றடியில் அனுபவித்திருந்தேன்.

காலில் ஏன் நீர் இறங்கியது

தசை இறுகுவதற்கு அதன் கலங்களுக்குள் கல்சியம் போக வேண்டும். அது போவதற்கென்று மிக நுண்ணிய வாசல்கள் இருக்கின்றன. நிபெடிப்பினும், இப்போது பலருக்குக் கொடுக்கும் அம்லோடிப்பினும் அந்த வாசல்களை மறிக்கின்றன. கல்சியம் உள்ளே போவது குறைய, தசை இளகுகிறது, நாடி விரிகிறது, பிரஷர் இறங்குகிறது. புதிதாகத் தொடங்கும்போது சிலருக்கு முகம் சூடாகிச் சிவப்பதும் தலையிடிப்பதும் நாடி விரிவதால்தான்.

இனி என் கணுக்கால். இந்தக் குளிசை இரத்தம் வரும் பக்கத்துச் சிறு நாடிகளை நன்றாகத் திறக்கிறது. திரும்பிப் போகும் பக்கத்து நாளங்களை அந்த அளவுக்குத் திறப்பதில்லை. வாய்க்கால் மடையை அகலத் திறந்துவிட்டு வடிகாலைப் பழையபடி விட்டால் பாத்தியில் தண்ணீர் நிற்கத்தானே செய்யும்? இடையில் உள்ள மயிர்க்குழாய்களில் இருந்து நீர் கசிந்து தோலின் கீழ் தங்குகிறது. பகல் முழுக்கக் காலைத் தொங்கப்போட்டு இருப்பவர்களுக்கு அது கணுக்காலில் தெரிகிறது. பெண்களுக்குச் சற்று அதிகமாக வருகிறது. குளிசையின் அளவு கூடினால் வீக்கமும் கூடும்.

ஆக, என் சிறுநீரகத்துக்கு ஒன்றும் நடக்கவில்லை. ஆஸ்பத்திரியில் இரத்தமும் சிறுநீரும் சோதித்துவிட்டு அதை உறுதியாகச் சொன்னார்கள். உண்மையில் சிறுநீரகத்தைப் பழுதாக்கக்கூடியது, நான் நான்கு மாதம் ஏற விட்டிருந்த பிரஷர்தான். ஆனால் ஒன்று, கால் வீங்கினால் அது குளிசையால்தான் என்று நீங்களே முடிவு கட்டிவிடவும் கூடாது. இதயம் களைத்தாலும், சிறுநீரகம் பழுதானாலும் வீங்கும். ஒரு காலில் மட்டும் வீங்கி நோவிருந்தால் அது வேறு அவசரம். எதுவென்று சோதித்துச் சொல்ல வேண்டியவர்கள் கிளினிக்கில் இருக்கிறார்கள்.

எனக்கு அங்கே செய்தது மிகச் சின்ன மாற்றம். நிபெடிப்பினை நிறுத்தி அம்லோடிப்பின் 5 மில்லிகிராம் தந்து, அதோடு லொசார்ட்டனைச் சேர்த்தார்கள். லொசார்ட்டன் வகைக் குளிசை நாளங்களையும் கொஞ்சம் திறந்துவிடுவதால் கால் வீக்கம் குறையும். நான்கு வருடம் வரிசையில் நின்ற நான் ஒரு தரம் வாய் திறந்திருந்தால் இது அப்போதே நடந்திருக்கும்.

அம்மா பாதியாக முறித்த குளிசை

பெறாமகள் இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது எனக்கு என் அம்மாவின் நினைவு வந்தது. அம்மாவும் நிபெடிப்பின் போட்டவர். 2009 தை மாதம் கிளிநொச்சியை விட்டு விசுவமடு, சுதந்திரபுரம், இரணைப்பாலை என்று ஓடிக்கொண்டிருந்தபோது அவரிடம் நாற்பது குளிசைதான் மிச்சம் இருந்தது. அவற்றை அவர் முந்தானையில் முடிந்து வைத்திருந்தார். நீண்ட நாளைக்கு வரட்டும் என்று ஒவ்வொன்றையும் கத்தியால் பாதியாக வெட்டிப் போட்டார். மாத்தளன் வந்தபோது அதுவும் முடிந்தது. செட்டிகுளம் முகாமில் ஒருநாள் தறப்பாளுக்குள் எழும்ப முயன்றவர் ஒரு பக்கமாகச் சரிந்தார். அதற்குப் பிறகு எட்டு மாதம் படுக்கையில் இருந்தார்.

அரைக் குளிசைதான் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். அந்த நாட்களில் எதைக் காரணம் என்று சொல்வது? ஆனால் அந்தக் குளிசையை முறிக்கக்கூடாது என்பதை இத்தனை வருடம் கழித்துத்தான் அறிந்தேன். கிளினிக்கில் தரும் நிபெடிப்பின் பெரும்பாலும் மெல்ல மெல்லக் கரைந்து, மணித்தியாலக் கணக்காக வேலை செய்யும்படி செய்யப்பட்டது. அதை முறித்தாலோ அரைத்தாலோ சப்பினாலோ மருந்து முழுவதும் ஒரே நேரத்தில் இரத்தத்தில் கலக்கும். நாடிகள் சடுதியாக விரியும், பிரஷர் கிடுகிடுவென்று விழும், இதயம் படபடக்கும். கொஞ்ச நேரத்தில் மருந்து முடிந்து நாடிகள் திரும்ப இறுகும். விழுங்க முடியாத வயோதிபர்களுக்குக் குளிசையை அரைத்துத் தேனில் குழைத்துக் கொடுக்கும் பழக்கம் எங்களிடம் உண்டு. இந்தக் குளிசைக்கு அது கூடாது. விழுங்க முடியவில்லை என்று சொன்னால் வேறு மருந்து எழுதித் தருவார்கள்.

பாம்பு விஷமும் வறட்டு இருமலும்

எங்கள் ஒழுங்கையில் இருவருக்கு எனலாப்பிரில் கொடுத்திருக்கிறார்கள். அந்த வகைக் குளிசையின் கதை சுவையானது. பிரேசில் நாட்டில் எங்கள் ஊர்ப் புடையனுக்குத் தூரத்துச் சொந்தமான ஒரு விரியன் பாம்பு இருக்கிறது. அதன் விஷத்தில் உள்ள ஒரு பொருள் உடம்பின் ஒரு நொதியத்தை மறித்து நாடிகளை இளக வைப்பதை 1960களில் செர்ஜியோ பெரெய்ரா என்ற பிரேசில் விஞ்ஞானி கண்டறிந்தார். அதைப் பின்பற்றி ஆய்வுகூடத்தில் செய்த கப்டோப்பிரில் 1981 இல் பாவனைக்கு வந்தது. எனலாப்பிரில் அதன் தங்கை. பாம்பு விஷம் குளிசைக்குள் இல்லை, பயப்பட வேண்டாம். விஷத்தைப் பார்த்து வேலையைப் படித்துக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

எங்கள் உடம்பில் அஞ்சியோடென்சின் என்ற ஒரு பொருள் உருவாகிறது. அது நாடித் தசையை இறுக்கும், உப்பைத் தேக்கும், நாடிச் சுவரைத் தடிக்கவும் செய்யும். எனலாப்பிரில் அது உருவாவதையே குறைக்கிறது. அதே நேரத்தில் பிரடிகைனின் என்ற வேறொரு பொருளை உடம்பில் கூட வைக்கிறது. இது உட்படையைத் தூண்டி நைத்திரிக் ஒட்சைட்டைச் சுரக்கச் செய்வதால் நாடிக்கு நல்லது. ஆனால் இதே பொருள்தான் சிலருக்குத் தொண்டையை அரித்து வறட்டு இருமலையும் உண்டாக்குகிறது. சளி இல்லை, காய்ச்சல் இல்லை, இரவில் நித்திரை இல்லை, இருமல் மட்டும். ஒழுங்கைக் கோடியில் உள்ள ஒரு சகோதரி இந்த இருமலோடு ஆறு மாதம் இருந்தார். சயரோகமோ என்று பயந்து மார்பு நோய்ச் சிகிச்சை நிலையத்துக்குப் போய்ச் சளியும் படமும் எடுத்தார். ஒன்றும் இல்லை. அவர் போடும் பிரஷர் குளிசையின் பெயரை அங்கே ஒருவரிடமும் சொல்லவில்லை, ஒருவரும் கேட்கவும் இல்லை.

லொசார்ட்டன் வேறு வழியில் போகிறது. அஞ்சியோடென்சின் உருவாவதை அது தடுப்பதில்லை. நாடித் தசையில் அது போய்ப் பொருந்தும் இடத்தை, திறப்புப் போடும் துவாரத்தில் மெழுகு அடைத்தது போல அடைத்துவிடுகிறது. அதனால் இருமல் வருவது மிகக் குறைவு. இந்த இரண்டு வகையும் சிறுநீரகத்தின் வடிகட்டியில் இருந்து வெளியேறும் சிறு நாடியையும் இளக வைத்து அங்குள்ள அழுத்தத்தைக் குறைக்கின்றன. சலரோகம் உள்ளவர்களுக்கு இவற்றை விரும்பிக் கொடுப்பது அதனால்தான். தொடங்கியதும் இரத்தம் சோதிக்கச் சொன்னால் தவறாமல் போக வேண்டும்.

தடித்த நாடிச் சுவர் திரும்ப மெலியுமா என்று நான் கேட்டேன். ஓரளவுக்கு மெலியுமாம். கனடாவின் மொன்றியல் நகரில் பிரஷர் நோயாளரின் பிட்டத்துத் தோலின் கீழிருந்து மிகச் சிறிய துண்டு ஒன்றை எடுத்து, அதில் உள்ள சிறு நாடிகளைச் சோதித்திருக்கிறார்கள். (இதற்கும் ஆட்கள் சம்மதித்திருக்கிறார்களே!) ஏறக்குறைய ஒரு வருடம் லொசார்ட்டன் போட்டவர்களுடைய நாடிச் சுவர் மெலிந்திருந்தது, உட்படையும் நன்றாக வேலை செய்தது. அட்டெனலோல் போட்டவர்களுக்குப் பிரஷர் அதே அளவு இறங்கியும் நாடியில் அந்த மாற்றம் இல்லை. ஒரு வருடம் என்பதைக் கவனியுங்கள். ஒரு கிழமையில் வரும் பலன் ஒன்று, ஒரு வருடத்தில் வரும் பலன் இன்னொன்று. இடையில் விட்டுவிட்டுப் போட்டால் அந்த இரண்டாவது பலன் எங்களுக்குக் கிடைப்பதில்லை.

அட்டெனலோலைக் குறைவாக நினைக்கவும் வேண்டாம். அது முக்கியமாக இதயத் துடிப்பைத் தணிக்கும் குளிசை. மாரடைப்பு வந்தவர்களுக்கும் நெஞ்சுநோ உள்ளவர்களுக்கும் வேறு காரணத்துக்காக இந்த வகையைக் கொடுப்பார்கள். இதைச் சடுதியாக நிறுத்துவது மிகவும் ஆபத்து. அடக்கி வைத்த இதயம் ஒரேயடியாகப் பாயும். முட்டு வருத்தம் உள்ளவர்கள் அதை முதலிலேயே சொல்ல வேண்டும். பிரசோசின் போடுபவர்கள் முதல் குளிசையைப் படுக்கைக்குப் போகும்போது போட்டு, காலையில் மெதுவாக எழும்பிச் சற்று இருந்துவிட்டு நிற்க வேண்டும். இல்லாவிட்டால் நாடிகள் விரிந்து இரத்தம் காலுக்கு இறங்கித் தலை சுற்றி விழ நேரும். மூத்திரக் குளிசை எனப்படும் ஐதரோகுளோரோதயசைட்டு முதல் கிழமைகளில் உப்பையும் நீரையும் வெளியேற்றும், நாளடைவில் நாடிகளும் இளகும். இரவில் மலசலகூடத்துக்கு முற்றம் தாண்டிப் போக வேண்டியிருக்கும் எங்களைப் போன்றவர்கள் அதைக் காலையில் போடுவதே வசதி.

கர்ப்பமாக உள்ளவர்களுக்கும் ஆகப்போகிறவர்களுக்கும் எனலாப்பிரிலும் லொசார்ட்டனும் கூடாது. வயிற்றில் உள்ள பிள்ளையின் சிறுநீரகத்தை அவை பாதிக்கும். அப்படியானவர்களுக்கு மெதைல்டோப்பா, நிபெடிப்பின் போன்றவை உண்டு. மருமகளுக்கு மாமியாரின் குளிசையைக் கொடுத்துப் பார்க்கும் வேலை எந்த வீட்டிலும் நடக்கக்கூடாது.

நோக்குளிசை

எங்களில் பலருடைய உடம்பில் இன்னும் ஷெல் துண்டு இருக்கிறது. முறிந்து பொருந்திய எலும்பு மாரி காலத்தில் குத்தும். கடையில் டைக்குளோபினாக், இபுபுறொபன் என்று வாங்கிப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போகிறோம். நாடியை விரித்து வைக்க உடம்பு தானே செய்துகொள்ளும் சில பொருட்களை இந்தக் குளிசைகள் தடுக்கின்றன, உப்பையும் தேக்குகின்றன. ஒரு பக்கம் பிரஷர் குளிசை நாடியைத் திறக்க, மறுபக்கம் நோக்குளிசை மூடுகிறது. மூத்திரக் குளிசையோடும் லொசார்ட்டனோடும் சேர்ந்தால் சிறுநீரகத்தையும் தாக்கும். நோவுக்குப் பரசிற்றமோல் போதுமா என்று முதலில் பார்க்க வேண்டும். போதாவிட்டால் நோவையும் கிளினிக்கில் சொல்ல வேண்டும். நோவைச் சகித்துக்கொள்ளுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன், பதினைந்து வருடம் சகித்தவர்களுக்கு அப்படிச் சொல்ல எனக்கு வாய் வராது.

கருவாடும் அப்பளமும் ஊறுகாயும் அதே வேலையைத்தான் செய்கின்றன. ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பு என்கிறது உலக சுகாதார நிறுவனம். அது ஒரு மட்டமான தேக்கரண்டி.

2022 இல் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது கிளினிக்கில் இல்லாததை வெளியே வாங்கும்படி துண்டு எழுதித் தந்தது நினைவிருக்கும். கடையில் ஒவ்வொரு கம்பனியும் ஒவ்வொரு பெயர் போட்டிருக்கும். ஒரே மருந்தை இரண்டு பெயரில் வாங்கி இரண்டையும் போட்டவர்கள் இருக்கிறார்கள். பேராசிரியர் சேனக பிபிலே மருந்தை அதன் பொதுப் பெயரில் வாங்கவும் எழுதவும் வேண்டும் என்று போராடி, 1971 இல் தொடங்கிய அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் முதல் தலைவராக இருந்தவர். அவர் செய்த அந்த வேலையின் பலன் எங்களுக்குக் கிடைக்க வேண்டுமானால் பொதுப் பெயரை நாங்கள் தெரிந்திருக்க வேண்டும். என் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் பெறாமகள் தமிழில் எழுதித் தந்திருக்கிறாள்: லொசார்ட்டன் 50, காலை மாலை, அம்லோடிப்பின் 5, இரவு. அதன் கீழே நான் எழுதுவதற்கு இடம் விட்டிருக்கிறாள். கால் வீங்கியதா, இருமல் வந்ததா, தலை சுற்றியதா, எத்தனை நாள் போடவில்லை என்று அதில் எழுதிக்கொண்டு போகிறேன். வரிசை எவ்வளவு நீண்டிருந்தாலும் அந்தப் பக்கத்தை விரித்து நீட்டினால் டொக்டர் பார்க்கிறார். போடாத நாட்களையும் எழுதுகிறேன். முதல் தடவை எழுதியபோது கை கூசியது. அவர் ஒன்றும் பேசவில்லை, “உண்மையைச் சொன்னது நல்லம், இல்லாட்டி நான் கூட்டி எழுதியிருப்பன்” என்று மட்டும் சொன்னார்.

கடைசியாக அளந்தபோது எனக்கு 134/82. கணுக்கால் பின்னேரத்தில் இலேசாக உப்புகிறது. காலைத் தூக்கிக் கதிரையில் வைத்துக்கொண்டு பொத்தான் தைக்கிறேன்.

ஒழுங்கைக் கோடிச் சகோதரியைப் போன கிழமை நான்தான் கிளினிக்குக்குக் கூட்டிப் போனேன். அவர் வாய் திறக்கத் தயங்கினார். “இவவுக்கு ஆறு மாசமா வறட்டு இருமல் டொக்டர், எனலாப்பிரில் போடுறா” என்று நான் சொன்னேன். அவர் கொப்பியைப் புரட்டிப் பார்த்துவிட்டு எனலாப்பிரிலை வெட்டி லொசார்ட்டன் எழுதினார். இருமல் நிற்கச் சில கிழமைகள் செல்லும் என்றும், அதுவரை குளிசையை விட வேண்டாம் என்றும் சொல்லி அனுப்பினார். இன்று எட்டாம் நாள். நேற்று இரவு இரண்டு தரம்தான் எழும்பினாவாம்.